அசதிக்குப் பொடி, அதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

பெரம்பலூர் மாவட்டத்தில், வேப்பந்தட்டை வட்டத்து எறையூர் என்றால் நெடுங்காலமாகச் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். அரவை தொடங்கிவிட்டால் கரும்பு வண்டிகள் சாலையோரம் வரிசை கட்டும். வெட்டுக்கூலிகள் விடிவதற்கு முன்பே வயலில் இறங்கிவிடுவார்கள். 2022 நவம்பரில் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. காலணித் தொழிற்சாலை வேலைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் பேருந்தேறிப் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். களையெடுப்பு முடிந்தால் பஞ்செடுப்பு, அது முடிந்தால் வெங்காயத்தில் தாள் அறுப்பு. இப்படி உழைக்கிற வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழுகிற புகார் அசதி. "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", "கைகால் ஓஞ்சு போகுது", "எதுலயும் மனசு ஒட்டல."

அந்த அசதிக்குக் கடைத்தெருவில் பதில்கள் நிறைய. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கிழங்குப் பொடியும் வல்லாரைப் பொடியும் கிடைக்கும். டவுன் மருந்துக் கடையில் பளபளப்பான டப்பாவில் மூலிகைக் கேப்ஸ்யூல் இருக்கும். கைபேசியில் வரும் விளம்பரத்தைத் தொட்டால் சில நாளில் பார்சல் வாசலுக்கே வந்துவிடும். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்று துண்டுச் சீட்டும் வரும். ஒரு மாதத்து டப்பா பல சமயம் இரண்டு மூன்று நாள் கூலியை விழுங்கிவிடுகிறது. இவற்றில் எதை வாங்கப் போனாலும் வாங்குபவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அசதி ஏன் வந்தது?

மூலிகை மீது குறை சொல்ல இங்கே இடமில்லை. அமுக்கராவுக்கும் வல்லாரைக்கும் தமிழ் மருத்துவத்தில் மரியாதையான இடம் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து அவற்றைப் பிடுங்கி, காரணம் கேட்காமல் விற்கும் சரக்காக்கியதுதான் கேடு. அந்த வியாபாரத்தை அரசும் சட்டமும் ஏறக்குறைய அதன் போக்கிலேயே விட்டுவிட்டன.

முதலில் ரத்தம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். மருத்துவத்தில் முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலத்தின் எண் இது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எட்டு, ஒன்பது கிராமோடு நாள் முழுக்கக் குனிந்து களையெடுக்கும் பெண்கள் கிராமங்களில் சர்வசாதாரணம். படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், காலையில் எழவே முடியாது. சுற்றியிருப்பவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். அந்தப் பெண்ணுக்கே அது வயதானதன் அடையாளமாகத் தெரியும். கடைக்காரருக்கோ அது ஒரு டப்பா விற்பனை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, வெறுங்காலோடு வயலில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு, வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்னும் பழக்கம், சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் டீ என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. அமுக்கரா இவற்றில் ஒன்றையும் சரிசெய்யாது. புழுவைக் குடற்புழு மாத்திரையும் ரத்தக் குறைவை இரும்புச்சத்து மாத்திரையும் சரிசெய்யும். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அடுத்தது சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளியான பெரிய ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. ஏழு பேரில் ஒருவர். அவர்களில் பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தெரியவருவதற்கு முன்னால் பல சமயம் முதலில் வருவது அசதிதான். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைபாடு, காசநோய், சிறுநீரகக் கோளாறு எல்லாமே முதலில் அசதி என்ற ஒரே முகத்தோடு வரக்கூடும். வெயிலில் வேலை செய்வோரின் சிறுநீரகம் வெப்பத்தால் பாதிக்கப்படுவதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். கரும்புத் தோட்டத்திலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் நாளைக் கழிக்கும் பெரம்பலூர், அரியலூர் தொழிலாளிகளுக்கு அந்த ஆய்வுகள் நேரடியாகப் பொருந்தும்.

இனி மனம். கிராமத்தில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமின்மை, உடம்பு வலி, பசியின்மை, தீராத களைப்பு என்று உடம்பின் பேச்சாகவே வருகிறது. "மனசு சரியில்ல" என்று சொல்லக் கூசுகிறவர் "சத்தில்ல" என்று சொல்கிறார். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரிந்தது. அந்த நான்கு பேரில் எத்தனையோ பேர் சத்து மாத்திரை வாங்கியிருப்பார்கள். கடன் நெருக்கடியில் இருக்கும் வெங்காய விவசாயிக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அழுகையை அடக்க முடியாத இளம்பெண்ணுக்கும் நினைவாற்றல் கேப்ஸ்யூல் கொடுத்து அனுப்பினால், கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே அடைபட்டுப் போகிறது. மாதங்கள் வீணாகின்றன. மனச்சோர்வில் வீணாகும் மாதம் உயிருக்கே ஆபத்தானது.

சித்த மருத்துவம் இதையெல்லாம் அறியாததா? இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு செய்யாமல் மருந்தெடுக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். வெளுத்த நாக்கோடும் வெளுத்த கண்ணிமையோடும் வருபவருக்கு அது பாண்டு என்று பெயரிட்டு, அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், கரிசாலை என்று இரும்பைச் சார்ந்த தனி வழியையே வைத்திருக்கிறது. பாண்டுக்கு ஒன்று, நரம்பு பலவீனத்துக்கு வேறொன்று, தூக்கமின்மைக்கு மற்றொன்று. எல்லா அசதிக்கும் ஒரே கேப்ஸ்யூல் என்பது சித்த மருத்துவத்துக்கு எதிரானது. அதன் பெயரைச் சொல்லியே அது விற்கப்படுகிறது.

அமுக்கராவையே எடுத்துக்கொள்வோம். சித்த மரபில் கிழங்கை அப்படியே இடித்துத் தருவதில்லை. பசும்பாலில் பிட்டவியலாக வேகவைத்து, உலர்த்தி, அதன் பிறகே பொடிக்க வேண்டும். அமுக்கரா சூரணத்தில் கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, அமுக்கரா என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்காக ஏறிக்கொண்டே போகும். கடைசியில் சேர்வது சர்க்கரை. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தில் இந்தச் சூரணத்தை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குச் சர்க்கரை நீக்கிக் கொடுக்க வேண்டும், பாலில் கொடுப்பதா தேனிலா என்பதையெல்லாம் தீர்மானிக்க ஒரு மருத்துவர் வேண்டும். பார்சல் கொண்டுவரும் பையனிடம் அதைக் கேட்க முடியாது.

நவீன ஆய்வுகள் அமுக்கராவை முற்றிலும் கைவிடவும் இல்லை. 2012இல் இந்திய உளவியல் மருத்துவ இதழில் வெளியான ஐதராபாத் ஆய்வில், நாள்பட்ட மனஅழுத்தம் உள்ள 64 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கிழங்கின் அடர்சாறு 300 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை 60 நாள் கொடுத்தார்கள். மனஅழுத்த மதிப்பெண் குறைந்தது, ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறக்குறைய 28 சதவீதம் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகளும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஓரளவு பலன் காட்டின. இவை நம்பிக்கை தரும் முடிவுகள்தான். ஆனால் 64 பேரிடம் 60 நாள் பார்த்ததை வைத்து, வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ரத்தசோகையும் சர்க்கரையும் சேர்ந்து வாட்டும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இது எப்படி வேலை செய்யும் என்பதும் அந்த ஆய்வில் இல்லை.

வல்லாரையின் கதை இன்னொரு விதம். பள்ளிப் பிள்ளைகளின் நினைவாற்றலுக்கு வல்லாரை என்பது தமிழ் வீடுகளில் பழைய நம்பிக்கை. ஆனால் அதிகம் ஆராயப்பட்ட செடி நீர்ப்பிரமி. இரண்டும் வேறு வேறு செடிகள், சந்தையில் இரண்டுமே பிராமி என்ற ஒரே பெயரில் விற்பனையாகின்றன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியை ஆராய்ந்து உருவாக்கிய நினைவாற்றல் மாத்திரை 1990களில் சந்தைக்கு வந்தபோது, விளம்பரத்தில் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தோன்றினார். தமிழ்நாட்டுப் பெற்றோர் தேர்வுக் காலத்தில் அதை வாங்கித் தந்ததைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆய்வகத்தில் பிறந்த மருந்துகூட விளம்பரத்துக்குள் நுழைந்ததும் ஒரு மேதையின் முகத்தைத் தேடியது. ஆய்வு சொன்னதற்கும் ஆனந்தின் முகம் சொன்னதற்கும் இடையே வெகு தூரம். இன்று அந்தத் தூரம் இன்னும் கூடியிருக்கிறது.

மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது என்ற பேச்சை இனியாவது நிறுத்த வேண்டும். 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் அமுக்கரா சாப்பிட்டு மஞ்சள் காமாலை கண்ட ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். சாப்பிடத் தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கல்லீரல் பாதிக்கப்பட்டது, நிறுத்திய சில மாதங்களில் நான்கு பேர் தேறினார்கள், ஐந்தாமவரைத் தொடர்ந்து கவனிக்க முடியவில்லை. 2023இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு இது மரணத்தில் முடிந்த சம்பவங்களும் இருந்தன. அதே ஆண்டில் டென்மார்க் அமுக்கராவைத் தடைசெய்தது. அந்தத் தடை மிகையானது என்று வாதிடுவோருக்கும் நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் கிழங்கில் இத்தகைய பாதிப்பு அரிதுதான். ஆனால் இந்திய ஆயுஷ் அமைச்சகமே 2021 அக்டோபரில், கிழங்குக்குப் பதிலாக இலையைச் சேர்க்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது. மரபு சொன்னது வேர். விலை குறைவு என்பதற்காகச் சேர்ந்தது இலை.

அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் எடுத்தால் படபடப்பில் போய் முடியலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளின் வேகத்தையும் அது கூட்டலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஐரோப்பாவில் இதே பாடத்தை வேறொரு செடி கற்பித்தது. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்குச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பலன் தருகிறது என்பதை 2008இல் 29 ஆய்வுகளையும் 5,489 நோயாளிகளையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. ஆனால் அதே செடி கருத்தடை மாத்திரையையும், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் மருந்தையும் வலுவிழக்கச் செய்யும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் ஆபத்து. பலன் தரும் அளவுக்குச் சக்தியுள்ள எந்தச் செடிக்கும் பாதிக்கும் சக்தியும் உண்டு.

கலப்படம் தனிக் கவலை. பாஸ்டன் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகள் 70ஐ எடுத்துச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. உள்ளூர் அளவில் இதைவிடப் பெரிய பயம் ஸ்டீராய்டு. பெயரில்லாத பொட்டலம் சாப்பிட்ட மூன்றே நாளில் அசதி பறந்து பசி பொங்கினால், மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். கிழங்கு அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

சட்டத்தின் நிலை வேதனை தருகிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் வந்தது. எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை 54 நோய்களைப் பட்டியலிடுகிறது. நரம்புத் தளர்ச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தடைசெய்யப்பட்ட அதே சொல் பேருந்து நிலையச் சுவர்களிலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் இன்றும் கூசாமல் நிற்கிறது. அதை நம்பி லாட்ஜ் அறைக்குப் போகும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு நோயே கிடையாது. அவர்களிடம் இருப்பது பயமும் வெட்கமும்தான். அதைத் துருவித்தான் பணம் பறிக்கப்படுகிறது.

2018இல் மத்திய அரசு விதி 170ஐக் கொண்டுவந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதியின்றி விளம்பரம் செய்யக் கூடாது என்றது அது. 2024 ஜூலை 1 அன்று அதே அரசு அந்த விதியை நீக்கியது. ஆகஸ்டில் விளம்பரங்கள் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடித்துவைக்கப்பட்டதும் தடையும் போனது. முன் அனுமதி என்ற வேலி இப்போது இல்லை. கூடவே இன்னொரு சந்தும் இருக்கிறது. அதே அமுக்கராவை மருந்தென்று தயாரித்து விற்க ஆயுஷ் உரிமம் வேண்டும், சத்துணவுத் துணைப்பொருள் என்று விற்க உணவுப் பாதுகாப்பு உரிமம் போதும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணைய எண்ணைப் பார்த்து அரசே இதை மருந்தாக அங்கீகரித்திருக்கிறது என்று நம்புவோர் ஏராளம். அந்த உரிமம் உள்ள எதுவும் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லவே கூடாது.

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கட்டமைப்பு கண்முன்னே இருக்கிறது, ஒன்றோடொன்று பேசாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிக்கும் மருந்துகள் அங்கே இலவசம், அமுக்கரா உட்பட. அதே கட்டடத்தில் சில அடி தள்ளி ஆய்வகம் இருக்கிறது. அசதி என்று சித்தப் பிரிவுக்கு வரும் எவருக்கும் ஹீமோகுளோபினும் ரத்தச் சர்க்கரையும் பார்த்த சீட்டு கையில் வந்த பிறகே மருந்து என்பதை மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவாகவே போடலாம். சித்த மருத்துவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்தெடுப்பது அவர்களுடைய மரபுதான்.

2024 ஜனவரியில் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் ஆலை வாசலுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. எறையூர் போன்ற, பெண்கள் திரளாக வேலைக்கு வரும் இடங்களில் அதோடு ஹீமோகுளோபினைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் இருண்டு கிடந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்க்கலாம். மனச்சோர்வை முதற்கட்டமாகக் கண்டறிய உலகெங்கும் கேட்கப்படுபவை அவை. ஆம் என்று சொல்பவருக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் தமிழில் பேசுகிறது. பெரம்பலூரில் ஒரு டப்பா கேப்ஸ்யூலின் பெயர் தெரிந்த அளவுக்கு அந்த எண் தெரியவில்லை என்றால், அந்த எண்ணுக்கும் சுவர்களில் இடம் பிடித்துத் தர வேண்டியது அரசின் வேலை.

டப்பாக்கள் மீதும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் எந்த மூலிகைத் தயாரிப்பிலும் எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, எவ்வளவு, பொடியா அடர்சாறா, யார் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் தமிழில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில் இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குப் போடும் அதிகாரம் மாநில அரசுக்கு இன்றும் இருக்கிறது. சுவரில் எழுதியவரின் கைபேசி எண் சுவரிலேயே இருக்கிறது, ஆளைத் தேட வேண்டியதில்லை.

பாதிப்பைப் பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. ஆயுஷ் மருந்துகளுக்கான பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் நடக்கிறது. சித்த மருந்துகளுக்கு அதன் மையம் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். பொடியோ கேப்ஸ்யூலோ சாப்பிட்ட சில வாரத்தில் கண் மஞ்சளானாலும், சிறுநீர் கருத்தாலும், காரணமில்லாமல் வாந்தியும் அரிப்பும் வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது டப்பாவையோ பொட்டலத்தையோ கையோடு கொண்டுபோவது நல்லது. அதன் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்து மருத்துவர் தாம்பரத்துக்கு அனுப்பினால்தான் அடுத்த ஊரில் அதே டப்பா விற்பதைத் தடுக்க வழி பிறக்கும்.